2003 விடுமுறையில் கல்லடி, நாவலடியில் எடுத்த நெகட்டிவ்கள்: ஸ்கேன் பண்ணி ஊராரிடம் சேர்ப்பது எப்படி?

வெள்ளவத்தைவாசி (கேள்வி)

2003 ஆவணியில் மட்டக்களப்புக்கு விடுமுறை போனபோது எடுத்த ஐந்து ரோல் நெகட்டிவ் கையில் இருக்கு. கொடாக் கோல்ட் 200, ரோலுக்கு 36 படம். கல்லடிக் கடற்கரை, நாவலடி, முகத்துவாரம், திரும்பும் வழியில் மருதமுனை, கல்முனை. முன்னால் நிற்பது எங்கட குடும்பம். பின்னால் கரைவலை இழுக்கிற ஆட்கள், வாடிகள் (மீனவர் குடிசைகள்), வேலி, வீடுகள், சின்னப்பிள்ளைகள். அதிலிருந்து பதினாறாம் மாதம் 2004 டிசம்பர் 26, சுனாமி அலை அடித்த நாள்.

மூன்று கேள்வி. வீட்டிலேயே ஸ்கேன் பண்ணலாமா, ஸ்டூடியோவில் கொடுக்கலாமா? எந்தப் படம் எந்த இடம் என்று எப்படி உறுதிப்படுத்துவது? அங்குள்ளவர்களிடம் கொடுப்பதென்றால் எந்த வழி சரி? சில நெகட்டிவில் வெள்ளையாக வலை பின்னினமாதிரி ஏதோ படிந்திருக்கு, அதையும் சொல்லுங்கோ.

வாவிக்கரை

ஒன்றை முதலே சொல்லிவிடுறன். உங்களுக்கு முக்கியம் படத்தின் நடு, ஊராருக்கு முக்கியம் படத்தின் ஓரம். அந்த நோக்கத்தோட ஸ்கேன் பண்ணினால் வேலை முழுக்க மாறும்.

அந்தக் காலத்து 4×6 அச்சுப் படத்தை ஸ்கேன் பண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்டூடியோ மெஷின் அச்சடிக்கும்போது நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டித்தான் எடுக்கும். நெகட்டிவில் நிற்கிற ஒரு ஆள் அச்சில் இல்லாமல் போயிருக்கலாம். எங்கட உப்புக்காற்றில் அச்சு மங்கும் வேகமும் நெகட்டிவைவிடக் கூட.

எப்சன் வி600 மாதிரி ஸ்கேனர் கிடைத்தால் ஒரு தடவைக்கு ஆறு படத் துண்டு இரண்டு, ஆக 12 படம் வைக்கலாம். ஐந்து ரோலுக்கு 15 தடவை. வைக்கவேண்டிய அளவுகள்: 3200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), 48 பிட் நிறம், டிஃப் கோப்பு (தரம் குறையாமல் சேமிக்கிற வகை), கூர்மையாக்கல் நிறுத்தம். ஒரு படம் ஏறக்குறைய 80 எம்பி, 180 படமும் 15 ஜிபி அளவில் முடியும். பெரும்பாலானவர்கள் பிழைவிடுற இடம் முன்னோட்டம். 'தம்ப்நெயில்' முறையில் விட்டால் மென்பொருள் தானாகவே ஓரத்தை வெட்டும். சாதாரண முன்னோட்டத்துக்கு மாற்றி, ஒவ்வொரு படத்துக்கும் கறுப்பு விளிம்பு தெரியிறமாதிரி கையால் பெட்டி போடுங்க. அலுப்புப் பிடித்த வேலைதான்.

அந்த ஸ்கேனர் 6400 டிபிஐ என்று பெட்டியில் போட்டிருக்கும். உண்மையில் பிரித்துக் காட்டுவது 1600 அளவுதான். அதனால் தூரத்து முகம் உள்ள படங்களைத் தனியாகப் பிரித்து, 24 மெகாபிக்சல் கமெராவில் 1:1 மெக்ரோ லென்ஸ் (மிகக் கிட்டத்தில் எடுக்கிறது) போட்டு எடுங்க. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரோ கோப்பு (கமெரா சுருக்காமல் தாறது), ஸ்டாண்டில் கமெரா, கீழே நிறம் பிசகாத எல்ஈடி வெளிச்சப் பலகை, இரண்டு செக்கன் டைமர். அறை லைட்டை அணைக்காவிட்டால் பளபளப்புப் பக்கத்தில் உங்கட கையே பிரதிபலிக்கும்.

கணக்கைப் பாருங்க. சின்ன கமெராக்களில் லென்ஸ் 35 மிமீ அளவில் இருக்கும். 15 மீட்டர் தள்ளி நிற்கிற ஒருவரின் முகம் ஃபிலிமில் அரை மில்லிமீட்டர். வி600 இல் அது 30 பிக்சல், மெக்ரோவில் 80 பிக்சல். 5 மீட்டரில் நின்றால் முகம் ஒன்றரை மில்லிமீட்டர், மெக்ரோவில் 250 பிக்சலுக்கு வரும். பாஸ்போட் அளவுக்கு அச்சடிக்கக்கூடியது இந்த இரண்டாவது மட்டும். முதலாவதை முகமாகப் பெருப்பிக்கப் போனால் ஃபிலிமின் துகள்கள்தான் தெரியும். ஆளை வேலியோடும் தோணியோடும் சேர்த்து அப்படியே அச்சடிங்க, நிற்கிற நிலையிலேயே வீட்டுக்காரர் கண்டுபிடிச்சிடுவாங்க.

வெள்ளை வலை என்றது பூஞ்சணம். தண்ணீர் படக்கூடாது. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் (படம் பதிந்திருக்கிற பூச்சு) தண்ணியில் கரையும், படமும் அதோடே போகும். 99 வீத ஐசோப்ரொபைல் அல்ககோல் பஞ்சில் தொட்டு, முதலில் படமில்லாத நுனியில் பரீட்சித்துப் பார்த்து, ஒரே திசையில் மெதுவாக. போகாவிட்டால் விட்டுடுங்க. ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கி கலர் நெகட்டிவில் நல்லா வேலை செய்யும், ஆனால் நுண்ணிய விபரத்தையும் சில நேரம் தூசி என்று நினைச்சு விழுங்கும். முகம் உள்ள படத்தை அது இல்லாமலும் ஒரு தடவை எடுத்து வைங்க.

ஸ்டூடியோவில் கொடுப்பதென்றால் கேட்கவேண்டியது இரண்டே கேள்வி: டிஃப் தருவீங்களா, கறுப்பு விளிம்போட தருவீங்களா. இரண்டுக்கும் இல்லையென்றால் திரும்பி வாங்க.

பாலமீன்மடு

இடம் கண்டுபிடிக்க முதல் படம் புரண்டிருக்கா என்று பாருங்க. நெகட்டிவைத் திருப்பி வைத்தால் இடம் வலமாகும். நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீளுற மணல் நாக்கு. வடக்கே பார்த்தால் கடல் வலப்பக்கம், வாவி இடப்பக்கம். புரண்ட படத்தில் எல்லாம் தலைகீழாகி, தெற்கே பார்த்து எடுத்தது என்று முடிவெடுப்பீங்க, வீடும் ஆளும் மாறிப்போகும். ஓரத்தில் உள்ள ஃபிலிம் பெயரும் எண்ணும் நேராக வாசிக்க வந்தால் படம் சரி.

அடுத்தது எண் வரிசை. 14, 15, 16 என்று ஓர எண் தொடர்ந்தால் அவை அநேகமாக ஒரே நடையில் எடுத்தவை. அடையாளம் தெரிந்த ஒரு படத்தின் இரண்டு பக்கமும் நாலைந்து படம் இலகுவாக விழும். வெட்டின துண்டுகளைக் கலந்து வைத்திருந்தால் முதலில் வரிசைப்படுத்துங்க. கோப்புப் பெயரும் அதே எண்ணில் இருக்கட்டும்: 'ரோல்2_எண்14'.

காலத்தைச் சரிபார்க்க மூன்று கட்டடம் போதும். கல்லடிப் பாலம் ஒன்றாகத் தெரிந்தால் 1924 இல் திறந்த லேடி மானிங் பாலம் மட்டும். பக்கத்தில் புதுப்பாலமும் நின்றால் அது 2013 க்குப் பிந்தியது, உங்கட ரோலுக்குள் வராது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் நிமிர்ந்து நின்றால் அலைக்கு முந்தியது, அதற்குப் பிறகு அது சாய்ந்த கட்டடம். பாலமீன்மடு வெளிச்சவீடு 1913 இலிருந்து அதே இடத்தில் நிற்குது, அதுதான் உங்கட ஆணி.

அந்த ஆணியை வைத்துச் செய்யிற வேலை இது. படத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தெரிகிற இரண்டு நிலையான பொருளைப் பிடியுங்க, உதாரணமாக வெளிச்சவீடும் அதற்கு முன்னால் ஒரு கட்டட மூலையும். கூகுள் ஏர்த்தில் அந்த இரண்டையும் தொட்டு ஒரு கோடு இழுங்க. இன்னொரு சோடிக்கு இன்னொரு கோடு. வெட்டுகிற புள்ளியில்தான் கமெரா நின்றது. தென்னை மரத்தையும் மணல் மேட்டையும் இதுக்குப் பிடிக்காதீங்க, இரண்டும் இடம் மாறும். கரையும் மாறியிருக்கு. கிடைக்கிறதில் மிகப் பழைய செய்மதிப் படத்துக்குத் தள்ளிப் பாருங்க.

நிழலை வைத்து நேரம் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தில் தவறுவாங்க. 1996 ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரைக்கும் இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி முந்தியது, இப்போதுமாதிரி ஐந்தரை இல்லை. அன்றைய மணிக்கூட்டில் 6.30 என்றால் இன்றைய 6.00. படத்தில் செம்மஞ்சளாக அச்சான திகதியை அதிகம் நம்ப வேண்டாம், பற்றரி மாற்றினதும் அது தொடக்கத்துக்குப் போயிடும்.

பருவத்தையும் பாருங்க. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் கடல் அமைதி, முகத்துவாரத்தை மணல் பெரும்பாலும் மூடியிருக்கும். மாரியில் வாவி வெட்டி ஓடும். ஆவணிப் படத்தில் கலங்கிய வெள்ளம் தெரிந்தால் ரோல் மாறிப்போச்சு.

மருதமுனை நானா

சேர்க்கிற விசயத்துக்கு வாறன்.

படங்கள முகநூலில் போட்டு "இவர் யார்" என்று கேக்கிறது வேணாம். மௌத்தான (இறந்துபோன) மகன்டயோ மகள்டயோ படத்த ஒரு உம்மா தெரியாத ஆளின்ட பக்கத்தில் திடீரென்று பாக்கக்கூடாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல போனது, இலங்கையில எந்த மாவட்டத்திலயும் அவ்வளவு இல்ல. பார்க்கிற ஒவ்வொரு படத்திலயும் யாராவது ஒருத்தர்ட ஆள் இருக்கலாம் என்று வச்சே நடக்கணும்.

அந்த ஊர் இப்ப அந்த இடத்தில் இல்ல. அலைக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டர் வீடு கட்டத் தடை போட்டாங்க, பிறகுதான் தளர்த்தினாங்க. நாவலடி, டச்பார் ஆக்களில் பலர் திராய்மடுவுக்குப் போயிட்டாங்க. கடற்கரையில் நின்று விசாரிச்சா புதுசா வந்தவங்களத்தான் சந்திப்பீங்க.

வழி இதுதான். முதலில் கிராம உத்தியோகத்தர், அல்லது கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபை, அல்லது மீனவர் சங்கம், மூன்றில் ஒண்டு. அவங்ககிட்ட முகம் தெரியாத படங்கள மட்டும் கொடுங்க: வாடி, வேலி, தோணி, வீதி. பழைய ஆள் ரெண்டு பேர் அதப் பாத்து "இது இன்னாருட வேலி" என்று சொல்லுவாங்க. ஆள் தெரியிற படம் அந்த வீட்டாரிடம் நேரே, மூடின உறையில். முதலில் வாயால கேளுங்க, பார்க்க விரும்புறீங்களா என்று. வேணாம் என்றா உறையத் திறக்காமலே திரும்பக் கொண்டு வாங்க. ஒருவாட்டி வேணாம் என்ற வீடு அடுத்த வருசம் கேக்கலாம், அதனால எண்ணக் குறிச்சு வச்சுக்கோங்க.

எங்கட பக்கம் சில வீட்டில் மௌத்தானவர்ட படத்த சுவரில் மாட்டமாட்டாங்க, பெண்கள்ட படத்த வெளி ஆம்பிளை பாக்கிறதும் விரும்பமாட்டாங்க. அதனால பிரேம் போட்டுக் கொண்டு போகாதீங்க. 5×7 மட் கடதாசி, பின்பக்கம் பென்சிலால இடமும் மாசமும் வருசமும், அவ்வளவுதான். பேனை மை மறுபக்கம் ஊறும்.

டிசம்பர் 26 க்குப் போக வேணாம். அண்டைக்கு அவங்களுக்கு வேற வேலை இருக்கு.

வெள்ளவத்தைவாசி

நன்றி, வாவிக்கரை, பாலமீன்மடு, நானா. இரண்டு சந்தேகம் மிச்சம். மங்கின முகத்தை ஏஐ செயலியில் தெளிவாக்கிக் கொடுத்தால் அவர்களுக்கு உதவியாக இருக்குமா? ஒரு அச்சுப்படம் பிரேம் கண்ணாடியோட ஒட்டிப்போச்சு. அந்தப் படத்தின் நெகட்டிவ் இல்லை.

வாவிக்கரை

ஏஐ வேண்டவே வேண்டாம். 80 பிக்சல் முகத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அது தன்ட பாட்டில் வரையும். பார்க்க அழகாக இருக்கும், ஆள் வேற. எல்லாப் படமும் அலையோட போன வீட்டில் நீங்க கொடுக்கிற ஒன்றுதான் இருக்கும், பேரப்பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் பாட்டனார் என்று நம்புவாங்க. வெளிச்சம், நிறம், மாறுபாடு மட்டும் திருத்துங்க. கோல்ட் ஃபிலிம் மஞ்சள் பக்கம் சாயும், மணலின் நிறத்தை வைத்துச் சரிப்படுத்தலாம்.

கண்ணாடியில் ஒட்டினதை உரிக்காதீங்க, படத்தின் தோல் கண்ணாடியோட வந்துடும். கண்ணாடியைத் துடைத்து, பின் அட்டையை மட்டும் கழற்றி, கண்ணாடிப் பக்கத்தைக் கீழே வைத்து 600 டிபிஐ இல் ஸ்கேன் பண்ணுங்க. கண்ணாடி தடிப்பென்றால் ஸ்கேனரில் மங்கலாக வரும். அப்போது இரண்டு பக்கமும் 45 பாகையில் லைட் வைத்து, கமெராவுக்கு முன்னால் நடுவில் ஓட்டை வெட்டின கறுப்பு அட்டை பிடித்து எடுங்க.

மருதமுனை நானா

ஒண்டு விட்டுட்டன். கோப்ப வட்ஸ்அப்பில் அனுப்பினா 'டொக்கியுமென்ட்' ஆகத்தான் அனுப்பணும். படமா அனுப்பினா சுருக்கிடும், 15 மீட்டர் தள்ளி நிண்ட ஆள் ஒரு புள்ளியாப் போயிடுவார். அச்சுப் போடக் கடைக்குக் கொண்டுபோறது பெரும்பாலும் அந்த வட்ஸ்அப் கோப்பத்தான். பேரனிட்ட அனுப்பினாலும் சரி, பென் டிரைவ் ஒண்டும் வீட்டில் குடுத்துட்டு வாங்க.