பார்படாஸ்ல கப் வந்தும் அகமதாபாத் வலி ஏன் போகல?

கடைசி_பந்து:
பார்படாஸ்ல 2024 டி20 வேர்ல்ட் கப் வந்துச்சு, 2025 சாம்பியன்ஸ் ட்ராபியும் வந்துச்சு, ரெண்டு தடவையும் தொண்டை கட்டற அளவுக்கு கத்தினவன் நான். ஆனா 2023 நவம்பர் 19, அகமதாபாத்ல ஆஸ்திரேலியாகிட்ட தோத்த 50 ஓவர் வேர்ல்ட் கப் பைனல் மட்டும் அப்படியே நெஞ்சுல உக்காந்திருக்கு. வரிசையா 10 மேட்ச் ஜெயிச்ச டீம்ங்க அது. ஸ்ரீலங்காவ 55 ரன்ல சுருட்டினாங்க, சவுத் ஆப்பிரிக்காவ 83ல, செமில ஷமி 7 விக்கெட், அதே மேட்ச்ல கோலிக்கு 50வது ஒன்டே செஞ்சுரி. அந்த மாதிரி ஆடின ஒரு இந்திய டீம நான் பாத்ததே இல்ல. 11வது மேட்ச் மட்டும் தோத்தாங்க, அது பைனலா போச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த ஹைலைட்ஸ் நான் பாக்கல, அன்னிக்கு செஞ்சுரி அடிச்ச ஆஸ்திரேலியாவோட ட்ராவிஸ் ஹெட் எந்த மேட்ச்ல பேட்டிங் இறங்கினாலும் வயித்த ஒரு மாதிரி பண்ணுது. யார்கிட்ட சொன்னாலும் "அதான் அதுக்கப்பறம் ரெண்டு கப் வந்துடுச்சே"ன்னு முடிச்சிடறாங்க. என்னை பொறுத்தவரைக்கும் ஒரு தோல்விய இன்னொரு வெற்றி நேர் பண்ணாது. ஒத்துக்காதவங்களும் வாங்க, பேசலாம்.

ஸ்கோர்_புக்:
நான் ஒத்துக்கல ப்ரோ. தோத்த டீமோட கேப்டன் ரோஹித்தே ஏழு மாசத்துல பார்படாஸ் போய் கப் தூக்கிட்டு வந்தாரு. சவுத் ஆப்பிரிக்காவுக்கு 30 பால்ல 30 ரன், க்ளாசன் அடிச்ச அடிக்கு எல்லாரும் டிவிய ஆஃப் பண்ணியிருப்போம், அங்கேருந்து 7 ரன்ல ஜெயிச்சாங்க. அகமதாபாத்ல நமக்கு எது நடந்துச்சோ அது அன்னிக்கு சவுத் ஆப்பிரிக்கா ரசிகனுக்கு நடந்துச்சு. கையில இருந்தது போச்சு, கையில இல்லாதது வந்துச்சு, விளையாட்டுன்னா அவ்வளவுதான். களத்துல ஆடினவன் எழுந்து அடுத்த வேலைய பாத்துட்டான், சோபால உக்காந்து பாத்தவன் மட்டும் ஏன் இன்னும் அங்கேயே நிக்கணும்?

தேர்ட்மேன்:
வலி போகாததுக்கு காரணம் சிம்பிள், யாரும் உண்மைய பேசல. கே.எல்.ராகுல் 107 பால்ல 66. ஒரே ஒரு பவுண்டரி. 10 ஓவர்ல 80 அடிச்ச டீம் மிச்ச 40 ஓவர்ல நாலே நாலு ஃபோர் அடிச்சுது. அவரு அன்னிக்கு கொஞ்சம் ரிஸ்க் எடுத்திருந்தா 270, 280 வந்திருக்கும், மேட்ச் வேற. இத சொன்னா உடனே சண்டைக்கு வருவாங்க பாருங்க.

மிட்விக்கெட்:
சண்டைக்குத்தான் வரேன் தேர்ட்மேன். அதே வேர்ல்ட் கப்போட நம்ம முதல் மேட்ச், சேப்பாக்கத்துல, இதே ஆஸ்திரேலியா. 2 ரன்னுக்கு 3 விக்கெட். அங்கேருந்து 97 நாட் அவுட் அடிச்சு ஜெயிக்க வெச்சது யாரு? இதே ராகுல்தான். அன்னிக்கு "என்ன நிதானம், என்ன பொறுமை"ன்னு கொண்டாடின அதே நிதானம்தான் பைனல்ல குத்தமா போச்சு. 81க்கு 3 விக்கெட், அப்பறம் 148ல கோலி பேட்ல பட்ட பால் ஸ்டம்ப்ல விழுந்து அவுட், பின்னாடி சூர்யாவுக்கு அப்பறம் பேட்டிங் இல்ல, அந்த பிட்ச் அக்டோபர்ல பாகிஸ்தான் மேட்ச் ஆடின அதே பழைய பிட்ச், பால் நின்னு வருது, போதாததுக்கு ரிவர்ஸ் ஸ்விங் வேற. அன்னிக்கு ஜடேஜா 22 பால்ல 9, சூர்யா 28 பால்ல 18. எல்லாருமே திணறினாங்க. அதுல அதிக நேரம் நின்னவன புடிச்சு குத்தவாளி கூண்டுல ஏத்தறீங்க, சீக்கிரம் அவுட் ஆனவன யாருமே கேக்கல.

தேர்ட்மேன்:
கில், ஷ்ரேயஸையும் சேத்துதான் சொல்றேன், யாரையும் விடல. ஆனா செட் ஆன பேட்ஸ்மேன்கிட்டதான் எதிர்பார்ப்பு இருக்கும். டீமுக்கே தொடர்ச்சியா 97 பால் பவுண்டரியே இல்லாம போச்சுங்க, வேர்ல்ட் கப் பைனல்ல, அதுவும் 90 ஆயிரம் பேருக்கு மேல உக்காந்திருக்கற கிரவுண்ட்ல. ஆஸ்திரேலியா கேப்டன் கம்மின்ஸ் முந்தின நாளே சொன்னாரு, பெரிய கூட்டத்த அமைதியாக்கறத விட திருப்தி எதுவுமில்லன்னு. சொன்னத செஞ்சு காட்டிட்டு போனாரு. நம்ம பேட்ஸ்மேன்ங்களே அவருக்கு பாதி வேலைய முடிச்சு குடுத்தாங்க.

ஸ்கோர்_புக்:
பாத்தீங்களா கடைசி_பந்து, நீங்க மறக்க முடியலன்னு ஆரம்பிச்சீங்க, ரெண்டு போஸ்ட்ல ராகுல் தலை உருளுது. இதுக்குத்தான் பழசை கிளறாதீங்கங்கறேன். "இப்படி நடந்திருந்தா"ன்னு போட ஆரம்பிச்சா எல்லா பக்கமும் போடலாம். ரோஹித் 31 பால்ல 47ல இருக்காரு, மேக்ஸ்வெல் ஓவர்ல ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் ஏற்கனவே வந்தாச்சு, இன்னொண்ணுக்கு இறங்காம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்னு சொல்லலாம். ஹெட் கவர்லேருந்து பின்னாடி ஓடி அந்த கேட்ச விட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்னு சொல்லலாம். ஆனா ஆஸ்திரேலியாவோட ஸ்மித் எல்பிடபிள்யூ ஆனது ஞாபகம் இருக்கா? ரீப்ளேல பால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய கால் பேட்ல பட்டுச்சு, ரிவ்யூ கேட்டிருந்தா நாட் அவுட், அவர் கேக்காம நடையை கட்டினாரு. 47க்கு 3ன்னு நாம துள்ளினதுல ஒரு விக்கெட் அவங்க நமக்கு தானமா குடுத்தது. அதிர்ஷ்டம் நம்ம பக்கமும் வந்துச்சு, அத வெச்சும் ஜெயிக்க முடியல. அன்னிக்கு அவங்க நல்லா ஆடினாங்க, 137 அடிச்சவனுக்கு கை தட்டிட்டு போக வேண்டியதுதான்.

தூர்தர்ஷன்_காலம்:
தம்பிங்களா, 2003 ஜோகன்னஸ்பர்க் வேர்ல்ட் கப் பைனல், இதே ஆஸ்திரேலியாகிட்ட தோத்தத பாத்தவன் பேசறேன். ஜாகீர் முதல் ஓவர்லயே 15 ரன், பான்டிங் 140 நாட் அவுட், 359. சச்சின் முதல் ஓவர்லயே அவுட். 125 ரன்ல தோத்தோம். அந்த தொடர்ல 673 ரன் அடிச்ச மனுஷன் தோத்த முகத்தோட தொடர் நாயகன் விருது வாங்கினத பாத்தப்ப வந்த கஷ்டம் 2007ல டி20 கப் வந்தப்பவும் தீரல. அந்த கப்ப சந்தோஷமா கொண்டாடினேன், ஆனா அது வேற கணக்கு. 2011ல வேர்ல்ட் கப் ஜெயிச்சு வான்கடேல சச்சின தோள்ல தூக்கிட்டு சுத்தினாங்களே, அன்னிக்குத்தான் தீந்துச்சு. எட்டு வருஷம். அதனால கடைசி_பந்து சொல்றதுல பாதி சரி. அதே கப்பு அதே ஆளுக்கு வந்தாத்தான் ஆறும். ஸ்கோர்_புக் சொல்ற மாதிரி எந்த கப் வந்தாலும் போதும்ங்கறது எனக்கு ஒத்து வரல.

ஸ்கோர்_புக்:
சார், மரியாதையோட கேக்கறேன், அப்ப ட்ராவிட்? 2003 பைனல்ல ஆடினாரு, 2007ல வெஸ்ட் இண்டீஸ்ல அவர் கேப்டனா இருந்த டீம் முதல் ரவுண்ட்லயே வெளிய வந்துச்சு, 2011 டீம்ல அவர் இல்ல, 2023ல கோச்சா இருந்து பைனல் தோத்தாரு. "அதே கப்பு"தான் வேணும்னா அந்த மனுஷனுக்கு ஆறவே ஆறாது. ஆனா 2024ல அதே வெஸ்ட் இண்டீஸ் மண்ணுல கப்ப கையில வாங்கி அவர் கத்தினத பாத்தீங்களா? வாழ்க்கைலயே அப்படி கத்தியிருக்க மாட்டாரு. வேற கப்புதான், டி20தான். ஆறிடுச்சே.

நைட்வாட்ச்மேன்:
ஆறிடுச்சுன்னு நமக்கு எப்படி தெரியும் ஸ்கோர்_புக்? சந்தோஷப்பட்டாரு, அது தெரியுது. சந்தோஷமும் பழைய வலியும் ஒரே ஆளுக்குள்ள சேந்தே இருக்கலாமே. ரோஹித்தே பைனலுக்கு அப்பறம் டிசம்பர்ல ஒரு வீடியோல பேசினாரு, முதல் சில நாள் இதுலேருந்து எப்படி மீண்டு வர்றதுன்னே தெரியல, 50 ஓவர் வேர்ல்ட் கப்ப பாத்துத்தான் வளந்தேன், அதுதான் தனக்கு பெரிய பரிசுன்னு. ஆடினவன் எழுந்து போயிட்டான்னு நீங்க சொன்னீங்க, எழுந்தாரு, ஆனா லேசுல எழுந்துக்கல.

இன்னொண்ணு, பைனல் தோல்வி மத்த தோல்வி மாதிரி கிடையாது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் வீடியோவ வெச்சு உளவியல்காரங்க ஒரு ஆய்வு பண்ணி 1995ல வெளியிட்டாங்க, வெண்கலம் வாங்கினவங்க வெள்ளி வாங்கினவங்கள விட சந்தோஷமா தெரிஞ்சாங்கன்னு. மூணாவது வந்தவன் "மெடலாவது கிடைச்சுதே"ன்னு நினைக்கறான், ரெண்டாவது வந்தவனுக்கு தங்கம்தான் கண்ணு முன்னாடி நிக்குது. 2019 வேர்ல்ட் கப் செமில தோனி ரன் அவுட் ஆனப்ப அழுதேன், ஆனா அது இப்ப ஒரு சோகமான ஞாபகம், அவ்வளவுதான். அகமதாபாத் அப்படி ஆகல, ஏன்னா அங்க கப்பு கிரவுண்ட் ஓரத்துலயே இருந்துச்சு.

மிட்விக்கெட்:
நான் கடைசி_பந்து பக்கம்தான், அதுக்கு கிரிக்கெட்டுக்கு வெளிய ஒரு உதாரணம் இருக்கு. 1950 ஃபுட்பால் வேர்ல்ட் கப், ரியோல மரக்கானா ஸ்டேடியம். பிரேசில் டிரா பண்ணாலே கப்பு அவங்களுக்கு, முதல் கோலும் அவங்கதான் போட்டாங்க, உருகுவே 2-1ல ஜெயிச்சுட்டு போயிடுச்சு. அந்த வெள்ளை ஜெர்சியே ராசியில்லன்னு தூக்கிப் போட்டுட்டாங்க, இப்ப நாம பாக்கற மஞ்ச ஜெர்சி அதுக்கு அப்பறம் வந்ததுதான். 1958, 62, 70, 94, 2002ன்னு அஞ்சு கப் ஜெயிச்சாச்சு. இன்னமும் 1950ன்னா அந்த நாட்டுல தனி பேரு வெச்சு பேசறாங்க. அஞ்சு கப்பால அழிக்க முடியாதத ரெண்டு கப் அழிச்சிடுமா?

ஸ்கோர்_புக்:
நீங்க எடுத்த உதாரணம் எனக்குத்தான் உதவுது மிட்விக்கெட். அந்த மேட்ச்ல பிரேசில் கோல்கீப்பர் பார்போசா. ரெண்டாவது கோல விட்டதுக்கு மொத்த பழியும் அவர் தலைல. இந்த நாட்டுல அதிகபட்ச தண்டனையே 30 வருஷம்தான், எனக்கு மட்டும் 50 வருஷம்னு வேதனையோட சொன்னாரு, 2000ல செத்தும் போனாரு. அவர் உயிரோட இருக்கும்போதே நாடு நாலு கப் ஜெயிச்சுது, அப்பவும் விடல. மறக்கமாட்டோம்னு ஒரு நாடே அடம் புடிச்சதுல ஒரு மனுஷன் வாழ்க்கை போச்சு. நீங்க ஆதரிக்கற ஞாபகம் இங்கதான் வந்து நிக்கும். நம்ம கதையே பாருங்க, பைனல் முடிஞ்ச ராத்திரி ஹெட் குடும்பத்தையே சோஷியல் மீடியால அசிங்கமா திட்டினாங்கன்னு செய்தி வந்துச்சு. நல்லா ஆடினதுக்கு! அதையும் "வலி"ன்னுதான் சொன்னாங்க.

உடம்பும் இதுல சேருது. 2006 ஃபுட்பால் வேர்ல்ட் கப் ஜெர்மனில நடந்தப்ப, ஜெர்மனி ஆடின நாள்ல மியூனிக் பக்கத்துல இதய எமர்ஜென்சி கேஸ் சாதாரண நாளை விட ரெண்டரை மடங்குக்கு மேல வந்துச்சுன்னு டாக்டர்ங்க கணக்கெடுத்து எழுதினாங்க. மேட்ச் நடக்கறப்பவே இவ்வளவு. அத வருஷக்கணக்கா மனசுல ஓட்டிட்டே இருக்கறது நல்லதுன்னு எனக்கு தோணல.

தேர்ட்மேன்:
பார்போசாவ கொண்டு வந்து என்னை வில்லன் ஆக்காதீங்க. நான் ராகுல் வீட்டுக்கு கல்லெறியல, அவர் குடும்பத்த ஒரு வார்த்தை சொல்லல. பேட்டிங்க பேட்டிங்னு பேசறேன். 2025 சாம்பியன்ஸ் ட்ராபி செமில இதே ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 42 நாட் அவுட் அடிச்சு சிக்ஸ்ல முடிச்சாரே, அன்னிக்கு முதல்ல எழுந்து கத்தினது நான்தான். ஒரு இன்னிங்ஸ நல்லா இல்லன்னு சொல்றதும் ஒரு ஆள வெறுக்கறதும் ஒண்ணு இல்ல. அதையும் பேசக்கூடாதுன்னா அப்பறம் எதுக்கு கிரிக்கெட் பாக்கணும்?

தூர்தர்ஷன்_காலம்:
அந்த செமில நம்ம ஸ்பின்னர் வருண் தன்னோட முதல் ஓவர்லயே ஹெட்ட தூக்கினாரே, அப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு தம்பி. செமி ஜெயிச்சதுக்கு கூட அவ்வளவு இல்ல.

கடைசி_பந்து:
எனக்கும்தான் சார். ஆனா விடிஞ்சதும் திரும்ப அதே 2023தான் ஞாபகம் வந்துச்சு.

ஸ்கோர்_புக், நீங்க சொன்னத ரெண்டு தடவை படிச்சேன். பார்போசாவுக்கு நடந்தது அநியாயம், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா அங்க அநியாயம் பழி போட்டதுல இருக்கு, மேட்ச ஞாபகம் வெச்சதுல இல்ல. நான் யார் மேலயும் பழி போடல. ராகுல் மேலயும் இல்ல, பிட்ச் போட்டவங்க மேலயும் இல்ல, டாஸ் மேலயும் இல்ல. ராத்திரி பனி விழுந்ததும் பால் பேட்டுக்கு வழுக்கிட்டு வந்துச்சு, ஹெட்டும் லபுஷேனும் 192 ரன் சேத்தாங்க, நல்லா ஆடினாங்க, தீந்துச்சு. கணக்கு பாக்க எனக்கு அதுல எதுவும் இல்ல. எனக்கு இருக்கறது அந்த டீம் மேல உள்ள பாசம். முதல் நாலு மேட்ச் வெளிய உக்காந்திருந்துட்டு உள்ள வந்து 7 மேட்ச்ல 24 விக்கெட் எடுத்த ஷமி, 2024 டி20 டீம்லயே இல்ல, காலுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு. 530 ரன் அடிச்ச ஷ்ரேயஸும் இல்ல, ராகுலும் இல்ல. பார்படாஸ் கப் இவங்க கைக்கு வரல. அதனாலதான் அது இத நேர் பண்ணாதுங்கறேன்.

ஸ்கோர்_புக்:
சாம்பியன்ஸ் ட்ராபி இந்த மூணு பேர் கைக்கும் வந்துச்சே. அதுவும் 50 ஓவர்தான்.

கடைசி_பந்து:
வந்துச்சு, அதுல மனசு நிறைஞ்சுது. ஆனா நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற கப்புக்கும் அதுக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். நீங்க மறக்கறீங்கன்னு நான் குறை சொல்லல, உங்களுக்கு அது ஒத்து வருது. என்னை மறக்க சொல்லாதீங்க, அவ்வளவுதான் நான் கேக்கறது.

ஸ்கோர்_புக்:
மறக்க சொல்லல ப்ரோ, ஹைலைட்ஸ பாத்துடுங்கங்கறேன். பாக்காம ஒதுக்கி வெச்சிருக்கற வரைக்கும் அது பெருசாத்தான் தெரியும். ரோஹித்தோட அந்த 47 பாருங்க. ஏழு ஓவருக்குள்ள 47க்கு 3 எடுத்த பும்ரா, ஷமி ஸ்பெல்ல பாருங்க. அந்த டீம் மேல பாசம்னு சொல்றீங்க, அவங்க அன்னிக்கு ஆடின நல்லதையும் சேத்து ஒதுக்கி வெச்சிருக்கீங்க. 2027 வேர்ல்ட் கப் சவுத் ஆப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியால. அப்ப ரோஹித்துக்கு 40 வயசு, ஷமிக்கு 37. இவங்கள்ல யாரு இருப்பாங்க யாரு இருக்க மாட்டாங்கன்னு தெரியாது. திரும்ப ஹெட் வந்து நின்னா அப்பவும் டிவிய விட்டு எழுந்து போவீங்களா?

கடைசி_பந்து:
போக மாட்டேன். பவுலிங் ஸ்பெல் மட்டும் பாக்கறேன், 47க்கு 3 வரைக்கும். அதுக்கு மேல இப்ப கேக்காதீங்க.

தேர்ட்மேன்:
அப்படியே ராகுல் இன்னிங்ஸையும் பாத்துட்டு வாங்க, 97 பால் மேட்டர் அப்ப பேசலாம்.

மிட்விக்கெட்:
பேசலாம் வாங்க, சேப்பாக்கம் ஸ்கோர்கார்டோட வரேன்.