பெட்டியை இறக்கும் முன்பே அவர் கேட்ட கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஆயா வீட்டிலேயே, தூக்கத்தில் இறந்துபோனார். ஐஸ் பெட்டிக்குச் சொன்னோம். அதோடு வந்தவர்தான் கடைசிவரை எல்லா ஏற்பாட்டையும் பார்த்தார்.

பெட்டியை இறக்கும் முன்பே அப்பாவிடம், "டாக்டர் வந்து பார்த்தாராய்யா? லெட்டர் வாங்கியாச்சா?" என்றார். வீட்டில் இறந்தவருக்கு அந்தச் சான்று இல்லையென்றால் மயானத்திலேயே சிக்கல். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்கும் அது தேவை. அப்புறம், "ஆயாவுக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?" ஆயாவுக்கு இல்லை. இருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டுமாம், கேஸ் மேடையின் சூட்டில் பேட்டரி வெடித்துவிடும். அழுதுகொண்டிருந்த வீட்டில் இது யாருக்குத் தோன்றும்?

தாடையைத் துணியால் கட்டினார், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார், மூக்கில் பஞ்சு வைத்தார். செய்யும் ஒவ்வொன்றையும் ஆயாவிடமே மெதுவாகச் சொல்லிச் சொல்லிச் செய்தார். தோட்டையும் மூக்குத்தியையும் மட்டும் தொடவே இல்லை. அத்தையைக் கழற்றச் சொல்லி, பெரியப்பா கையில் எண்ணிக் கொடுக்க வைத்தார். "சும்மா சும்மா மூடியத் திறக்காதீங்க, குளிர் போயிடும். ஊர்லேர்ந்து பொண்ணு வந்ததும் ஒரு தபா திறப்போம்" என்றார்.

மாநகராட்சி மயானத்தில் எரிக்கவோ புதைக்கவோ கட்டணம் கிடையாது என்பதை அவராகவே சொன்னார். மாமா இறந்தபோது வந்த வேறொருவர், மயானத்தில் கட்ட வேண்டும் என்று சொல்லியே பணம் வாங்கினார். சாவு வீட்டில் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தே செய்வது பெரிய கொடுமை. இவர் பெட்டி, பந்தல், நாற்காலி, வண்டி எல்லாவற்றுக்கும் தொகையை ஒரே தாளில் எழுதி பெரியப்பாவிடம் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் இறந்தால் இலவச அமரர் ஊர்திக்குக் கூப்பிட வேண்டிய 155377 என்ற எண்ணும் அதில் இருந்தது, அக்கம்பக்கத்தாருக்கு உதவும் என்று.

மேளம் வேண்டும் என்றார்கள் தெருப் பையன்கள். அப்பா வேண்டாம் என்றார். தெருமுனை வரைக்கும் மட்டும் என்று இரண்டு பக்கமும் பேசி முடித்ததும் அவர்தான். மூலக்கொத்தளம் மயானத்தில் பதிவேட்டில் எழுதும்போது பக்கத்திலேயே நின்று, ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைச் சொன்னார். பேங்கில் ஆயாவின் கணக்கை முடிக்க அப்பா போனபோது எந்தத் தகராறும் வரவில்லை.