மறுமொழி: வாஸ்குலைட்டிஸால் வரும் ஸ்ட்ரோக்குக்குச் சொல் வேண்டும்

அன்புடையீர்,
நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘இரத்தநாள அழற்சியால் பக்கவாதம்’ என்று எழுதியிருந்தேன். டகயாசு நோய் (இவ்வகை அழற்சிகளில் ஒன்று) உள்ள ஓர் அம்மாவிடம் நேற்று படிக்கக் கொடுத்தேன். ‘அழற்சி’ மேல் விரலை வைத்து, “எனக்கு அலர்ஜி எதுவும் கிடையாதே டாக்டர்” என்றார். அடுத்த சொல்லுக்கு, “நீங்க மூட்டுவாதம் பாக்குறவங்கதானே, இதுவும் அந்த வாதமா?” என்றார். என்ன செய்யலாம்?

—

அழற்சியை விட்டுவிடாதீர்கள் அம்மா. முயல் முயற்சி ஆவதுபோல, அழல் அழற்சி ஆகிறது. அழல் என்றால் தீ. குழாய்ச் சுவர் உள்ளே கனன்று தடிப்பதை வேறெந்தச் சொல் சொல்லும்? மாற்ற வேண்டியது ‘இரத்தம்’தான், அது வடசொல். குறுந்தொகையின் முதல் பாட்டே ‘குருதிப் பூவின் குலைக்காந்தட்டே’ என்று முடிகிறது. குருதிக்குழல் அழற்சி என்க.

—

ஐயா, ‘நாளம்’தான் எனக்கு இடறுகிறது. இலங்கைப் பாடநூல்களில் நாடி என்றால் உங்கள் தமனி, நாளம் என்றால் உங்கள் சிரை. ‘நாள அழற்சி’ என்றால் எங்கள் பிள்ளைகள் சிரை நோய் என்றே விளங்கிக்கொள்வார்கள். டகயாசுவோ பெருநாடியையும் அதன் கிளைகளையும் பிடிப்பது. கையில் துடிப்பே அகப்படாமல் போவதும் அதனால்தான். ஸ்ட்ரோக்கை நாங்கள் பாரிசவாதம் என்போம். அங்கேயும் வாதம் விடுவதாயில்லை.

—

பக்கவாதம் என்பது ஒரு விளைவின் பெயர் மட்டுமே. பின்மூளைக்குப் போகும் தமனி அடைத்தால் கைகால் விழாமலே தலைசுற்றும், பார்வை இரட்டையாகும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் நெற்றிப்பொட்டுத் தமனி அழற்சியில் இந்த ஆபத்து உண்டு. தலை வாரினால் வலிக்கிறது, மெல்லும்போது தாடை நோகிறது என்று இருப்பவர், ‘கைகால் நல்லாத்தானே இருக்கு’ என்று வீட்டில் படுத்துவிட்டால்? மூளைத்தாக்கு என்றே போடுங்கள்.

—

‘தாக்கு’ என்றால் தலையில் அடிபட்டதா என்று கேட்பார்கள். பக்கவாதம் என்றால்தான் ஊரில் ஆட்டோ பிடித்து ஓடிவருவார்கள்.

—

அனைவருக்கும் நன்றி. ‘நாளம்’ குழப்பும் என்பதால் ‘இரத்தக்குழாய் அழற்சி’ என்று போடுகிறேன். கீழே ஒரு வரி: ‘இது அலர்ஜி அல்ல; குழாயின் சுவர் உள்ளே தடித்து, இரத்தம் போகும் வழி குறுகுகிறது.’ தலைப்பில் ‘பக்கவாதம்’, உள்ளே ‘மூளைத்தாக்கு’. கைகால் விழாமலும் வரும் என்பது தடித்த எழுத்தில்.

—

குருதியைக் கைவிட்டதை நான் ஏற்கவில்லை அம்மா. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.