ஆப்பிரிக்காவில் கர்ப்பம், தலைப்பிரசவம் காரைக்குடியில்: மலேரியா தடுப்பு மாத்திரை ஏன் விட்டுப்போகிறது?

காரைக்குடி_தாய்சேய் கேட்டது:

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பெண்கள் கணவர் வேலையை ஒட்டி கானா, தான்சானியா, உகாண்டா என்று போய் அங்கேயே கர்ப்பமாகிறார்கள். தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். அங்கத்திய கர்ப்பிணி அட்டையில் 'எஸ்பி' என்ற மலேரியா தடுப்பு மாத்திரைக்கென்று குறிப்பு இருக்கும். சிலருக்கு ஒரு முறை கொடுத்ததாக எழுதியிருக்கும், சிலருக்கு ஒன்றும் இருக்காது. நம் நாட்டுத் திட்டத்தில் இது கிடையாது என்பதால் இங்குள்ள குடும்பங்களுக்கு அது என்னவென்றே புரிவதில்லை.

எனக்குத் தெளிவு வேண்டியவை: குறைந்தது மூன்று முறை என்று விதி இருக்க, ஏன் ஒன்றிரண்டோடு நின்றுவிடுகிறது? ஊர் வந்த பிறகு மீதியை இங்கே போட வேண்டுமா? புறப்படும் பெண்ணிடம் இங்கிருந்தே என்ன சொல்லி அனுப்பலாம்?

மருந்துக்கட்டு:

முதலில் மாத்திரையைப் பற்றி. எஸ்பி என்றால் சல்ஃபடாக்சின், பைரிமெத்தமின் இரண்டும் சேர்ந்தது. ஒரு மாத்திரையில் 500 மி.கி., 25 மி.கி. ஒரு தவணைக்கு மூன்று மாத்திரைகள், மூன்றையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். காலை ஒன்று மாலை ஒன்று என்று பிரித்தால் பயனில்லை. வெறும் வயிற்றிலும் போடலாம், சாப்பிட்டும் போடலாம். "நான் இன்னும் சாப்பிடவில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போவது நிறைய. அந்த ஒரு காரணத்தாலேயே ஒரு மாதம் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனம் 2012இல் விதியைத் திருத்தியது: மலேரியா மிதமாகவோ கடுமையாகவோ பரவும் பகுதிகளில், இரண்டாம் மூன்று மாதத்திலிருந்து (அதாவது நான்காம் மாதம் தொடங்கி) ஒவ்வொரு பரிசோதனையின்போதும் ஒரு தவணை, இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது ஒரு மாத இடைவெளி, பிரசவம் வரை கொடுக்கலாம். முதல் மூன்று மாதத்தில் கூடாது.

இதை நம் ஊர் வழக்கத்தோடு வைத்துக் கணக்குப் பாருங்கள். 13ஆம் வாரம் தொடங்கினால் 17, 21, 25 என்று, 28ஆம் வாரம் விமானம் ஏறுவதற்குள் நான்கு தவணை முடிந்துவிடும். 20இல் தொடங்கினால் 24, 28, மூன்றுதான். 24ஆம் வாரம்தான் முதல் பரிசோதனை என்றால் இரண்டோடு சரி. மற்ற காரணங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான். "வயிறு தெரியட்டும், அதுவரை வெளியே சொல்ல வேண்டாம்" என்ற தயக்கம் செட்டிநாட்டிலும் உண்டு, அங்கும் உண்டு. அந்தத் தயக்கம் தின்றுவிடுவது முதல் தவணையைத்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஃபோலிக் அமிலம். நம் அரசு இரும்புச்சத்து மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதோடு மோதல் இல்லை. ஆனால் இங்கே தனியாரிடம் பலருக்கு 5 மி.கி. ஃபோலிக் அமில மாத்திரை எழுதுகிறார்கள். அம்மா ஆறு மாதத்துக்கு வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவார். எஸ்பி வேலை செய்வதே கிருமி ஃபோலேட் (ஃபோலிக் அமில வகைச் சத்து) தயாரிப்பதைத் தடுத்துத்தான். தினம் 5 மி.கி. போட்டால் மருந்தின் வீரியம் போய்விடும். அந்த அளவு தேவைப்படுவோருக்கும் பொதுவாக 12 வாரம் வரைதான் தேவை. அதற்கு மேல் தொடரச் சொல்லியிருந்தால் எஸ்பி போடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் எஸ்பி கூடவே கூடாது. எச்.ஐ.வி. தொற்றுக்காகக் கோட்ரைமாக்சசோல் (அதுவும் சல்ஃபா வகை மருந்துதான்) எடுப்பவர்களுக்கும் கூடாது.

களப்பதிவு:

ஏன் விட்டுப்போகிறது என்பதற்குப் பெண்ணை மட்டும் குறை சொல்வது தவறு. ஆப்பிரிக்காவில் கணக்கெடுத்த நாடுகளில் 2022இல் மூன்று தவணை பெற்ற கர்ப்பிணிகள் சுமார் 42 சதவீதம். ஆனால் ஒரு முறையாவது பரிசோதனைக்கு வந்தவர்கள் அதைவிட மிக அதிகம். அதாவது பெண் வாசல்வரை வந்துவிடுகிறாள், மாத்திரைதான் அவள் கைக்கு வந்து சேர்வதில்லை.

எங்கே அறுந்துபோகிறது என்றால்: மாத்திரை இருப்பு தீர்ந்திருக்கும். இருந்தாலும் செவிலியர் முன்னிலையில் விழுங்க வைக்கக் குடிநீரும் தம்ளரும் இருக்காது. "வீட்டில் போட்டுக்கொள்" என்று கையில் கொடுத்து அனுப்புவார்கள், அது தலையணைக்கு அடியிலேயே கிடக்கும். பழைய விதிகளும் பணியாளர் மனதில் தங்கிவிட்டன: 2012க்கு முன் குறைந்தது இரண்டு தவணை என்றுதான் இருந்தது, அதனால் "இரண்டு ஆகிவிட்டது, போதும்" என்று நிறுத்துவார்கள். குழந்தை அசைந்த பிறகுதான் முதல் தவணை, 36 வாரத்துக்கு மேல் கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. கர்ப்ப வாரம் சரியாகத் தெரியாவிட்டால் பயந்து தள்ளிப்போடுவதும் நடக்கும். கடைசி மாதவிடாய்த் தேதியை எழுதி வைத்திருக்கும் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

வீட்டுப் பக்கம்: தூரம், பேருந்துச் செலவு, பரிசோதனைக் கட்டணம், கணவர் அல்லது மாமியார் சம்மதம். "காய்ச்சலே இல்லை, எதற்கு மருந்து?" என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. அதற்குப் பதில் தெளிவாக இருக்கிறது: ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியாக் கிருமி நச்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். விரலில் எடுத்த இரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம். அம்மாவுக்கு இரத்தசோகை, குழந்தைக்கு எடைக் குறைவு. தலைப்பிள்ளைக்காரிக்கு ஆபத்து கூடுதல்.

நைஜீரியா, மொசாம்பிக், மடகாஸ்கர், காங்கோ ஜனநாயகக் குடியரசு நான்கிலும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் முறை முயன்று பார்க்கப்பட்டது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கும் வழி திறந்துவிட்டது. நம் கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போவதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

காரைக்குடி_தாய்சேய்:

மிக்க நன்றி. ஒரு தாயார் "கிருமிக்கு இந்த மருந்து பழகிவிட்டதாமே, பிறகு எதற்கு?" என்று கேட்கிறார். நிலவேம்புக் குடிநீர் போதாதா என்றும் கேட்கிறார்கள்.

பொதுமருத்துவம்_சிவகங்கை:

நிலவேம்பு மலேரியாவைத் தடுக்காது. கர்ப்பத்தில் தானாகக் கொடுக்கவும் வேண்டாம்.

மருந்து பழகிவிட்டது என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமளவு உண்மை. மலேரியா வந்தபின் குணமாக்க எஸ்பியை நம்ப முடியாது. ஆனாலும் எதிர்ப்பு மிகுந்த இடங்களிலும் குழந்தையின் பிறப்பு எடையை அது காக்கிறது என்பதால்தான் பரிந்துரை தொடர்கிறது.

அதே நேரம், மேலே யாரும் சொல்லாத ஒன்று: இந்தத் திட்டம் அங்கேயே பிறந்து வளர்ந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்ற பெண்களை மனதில் வைத்து அமைந்தது. காரைக்குடியில் வளர்ந்த பெண்ணுக்கு அது துளியும் கிடையாது. அவளுக்கு மலேரியா சில நாளில் மூளை, சிறுநீரகம் வரை போகலாம். எனவே மருந்து தோய்த்த கொசுவலை தினமும் கட்டாயம். கர்ப்பத்தில் தவிர்க்க முடியாத பயணம் என்றால் வாரம் ஒரு முறை போடும் மெஃப்ளோகுயின் 250 மி.கி. பொருந்துமா என்று கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். வலிப்பு, மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கு ஆகாது. டாக்சிசைக்ளினும் பிரிமாகுயினும் கர்ப்பத்தில் கூடாது.

எல்லா நாட்டிலும் எஸ்பி கொடுப்பதில்லை. கென்யாவில் ஏரிப் பகுதி, கடற்கரைப் பகுதி மாவட்டங்களில் உண்டு, நைரோபியில் வழக்கமில்லை. அட்டை காலியாக இருந்தால் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுக் கவலைப்படுங்கள்.

இங்கே வந்தபின் எஸ்பி தொடரத் தேவையில்லை. சிவகங்கை மாவட்டத்தில் அந்த அளவுக்குப் பரவல் இல்லை. செய்ய வேண்டியது வேறு. வந்த வாரமே ஹீமோகுளோபினும் மலேரியாவுக்கு இரத்தத் தடவலும் (கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும் அன்றே மறுபடி தடவல். எதிர்மறை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணிக்கொருமுறை திரும்ப எடுக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே மலேரியாவுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் விரைவுப் பரிசோதனைப் பட்டை சில வாரம் வரை நேர்மறை காட்டலாம், அப்போதும் தடவல்தான் தீர்ப்பு. ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் என்றாலே டெங்கு பக்கம் எண்ணம் போய்விடும். "ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இத்தனை நாள் ஆகிறது" என்று வீட்டார் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மலேரியா பெரும்பாலும் திரும்பிய ஒரு மாதத்துக்குள் வரும், தாமதமாகவும் வரலாம்.

மருந்துக்கட்டு:

தாய்வீட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபன்சி கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முற்றத்தில் மழைநீர் பிடித்து வைத்த அண்டா, பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டுக் கிணறு, மூடாத மேல்நிலைத் தொட்டி எல்லாம் அதற்கு வசதி. பெண் வருவதற்கு முன்னரே அண்டாக்களைக் கவிழ்த்து, தொட்டிக்கு மூடி போட்டு, கிணற்றுக்கு வலை கட்டிவிடுங்கள். அங்கிருந்து கிளம்பும்போது கர்ப்பிணி அட்டையை அங்கேயே ஒப்படைத்துவிடாமல் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எத்தனையாவது தவணை என்பது அதில்தான் இருக்கும்.