வேலைக்குப் போனா பிள்ளைய யார் பார்த்துக்கறாங்க? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

பேர்ணாம்பட்டு மருமகள்:
ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில ஒன்பது வருஷமா அப்பர், அதாவது ஷூவோட மேல்பாகம் தைக்கிறேன். காலையில ஆறே முக்காலுக்கு ஊர் முனைக்குக் கம்பெனி வண்டி வந்துடும். அதுக்குள்ள சோறு வடிச்சு, குழம்பு வெச்சு, பொண்ணுக்கு ஜடையும் பின்னணும். ஒரு ஜடை நான், இன்னொண்ணு எங்க அத்தை. ஒரு பக்கம் இறுக்கமா, ஒரு பக்கம் தொளதொளன்னு இருக்கும். யார் பின்னினது எதுன்னு டீச்சருக்கே தெரியும். 2023 ஆகஸ்ட்ல எங்க ஊரு அரசுப் பள்ளியிலயும் காலைச் சாப்பாடு ஆரம்பிச்சதுல எனக்கு அரை மணி நேரம் தூக்கம் மிச்சம்.

பிரசவத்துக்கு ஈஎஸ்ஐ-ல 26 வாரம் பணம் வந்துச்சு. அதுல குறை சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம்தான் கஷ்டம். செல்போனை கேட்லயே வாங்கி வெச்சிக்குவாங்க. போன மழைக்காலத்துல பொண்ணுக்கு ஜுரம்னு பள்ளிக்கூடத்துல இருந்து பதினோரு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் பார்த்தது சாயங்காலம், வண்டியில உட்கார்ந்த பிறகு. ஏழு மிஸ்டு கால். அத்தை ஆட்டைக் கட்டிப்போட்டுட்டு, பக்கத்து வீட்டுத் தம்பி வண்டியில ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருக்காங்க.

50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம்னு மகப்பேறு சட்டத்தோட 2017 திருத்தத்துல வந்துச்சு. எங்க கம்பெனியிலயும் ரூம் இருக்கு. சுவத்துல யானை, முயல் படம். உள்ள அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருக்காங்க. நாலு தடவை போனா டார்கெட் என்னாகும்னு சூப்பர்வைசரைக் கேட்டேன். "இன்னாமா, காலையிலயே சட்டம் பேசறே"ன்னுட்டாரு.

காட்பாடி சீசன் டிக்கெட்:
அம்மாக்களுக்கு நடுவுல ஒரு அப்பா. சம்பளம் சென்னையில, வாடகை காட்பாடியில. நடுவுல 130 கிலோமீட்டர். அங்க வாடகை கொடுத்தா கையில ஒண்ணும் நிக்காது. கிளம்பும்போதும் பையன் தூக்கம், திரும்பும்போதும் தூக்கம். அதனால வீட்டுப்பாடமெல்லாம் ரயில்ல போன்லதான். ஒருநாள் பதிமூணாம் வாய்ப்பாடு ஒப்பிச்சிகினு இருந்தான், சோளிங்கர் தாண்டி சிக்னல் போயிடுச்சு. எதிர் சீட்டுப் பெரியவர், "சார், பையன் ஏழு பதிமூணு 81-ன்னு சொன்னான், நீங்க கவனிக்கல"ன்னாரு. எங்க கவனிக்கறது? பாதித் தூக்கத்துல 'உம்' கொட்டிகினு இருந்தேன். மனைவியும் வேலைக்குப் போறாங்க. அவங்க அம்மா இல்லன்னா எங்க குடித்தனமே நடக்காது, இதை எங்க வேணா சொல்லுவேன்.

குடியாத்தம் பீடிக்காரர் மகள்:
வீட்லயே வேலைன்னா சுலபம்னு நினைக்காதீங்க. எங்கம்மா மடியில முறத்தை வெச்சிகினேதான் எங்களை வளர்த்தாங்க. இலை வெட்டிகினே அடுப்பைப் பார்ப்பாங்க, நூல் கட்டிகினே பாடம் கேப்பாங்க. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. எங்களுக்கு உடம்பு சரியில்லாத நாள்ல கணக்குல குறையும், அந்த வாரம் மீன் கிடையாது. நாங்க கிட்டப் போனா முதல்ல "தூள் கை, தொடாதே"ன்னுவாங்க. லீவுன்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது.

பேர்ணாம்பட்டு மருமகள்:
அக்கா, எங்க அத்தையும் பீடி சுத்தினவங்கதான். நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல.

நாளைக்கு வெளிநாட்டுல இருந்து எங்க ஷூவை வாங்கற பையர் வர்றாங்களாம். சாயங்காலம் எங்க லைன்ல பாதிப் பேரு அட்டைப்பெட்டிய வெளிய தூக்கிப் போட்டோம். ரெண்டு வயசுல பிள்ளை யாருக்காவது இருந்தா காலையில தூக்கிட்டு வாங்கன்னு சூப்பர்வைசர் கேட்டுகினு போனாரு.