பவர் ஸ்டியரிங்குக்குத் தமிழ்: ‘விசைச்சுக்கான்’ இல்லை, ‘விசைத்துணைச் சுக்கான்’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். பவர் ஸ்டியரிங்குக்கு இதுவரை ‘ஆற்றல் திருப்பி’, ‘திறன் திசைமாற்றி’, ‘விசைத்திருப்பி’, யாழ்ப்பாணத்து நண்பர் தந்த ‘வலுச்சுக்கான்’ என்று நாலு சொல் வந்திருக்கிறது. நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. அப்பா காலத்திலிருந்து மதுரைக்குப் பக்கம் கப்பலூரில் லாரி வைத்துத் தொழில் செய்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நாலு சொல்லிலும் ஒரே குறை இருக்கிறது. ‘துணை’ என்ற பொருள் எதிலும் இல்லை.

> விசைத்தறி, விசைப்படகு என்று மக்கள் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. அதே தடத்தில் விசைத்திருப்பி என்று வைத்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

ஐயா, உங்கள் தடம் நல்ல தடம்தான். ஆனால் செல்லூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கைத்தறியில் நாடாவை ஓட்டுவது நெசவாளியின் கை. விசைத்தறியில் அது மோட்டாரின் வேலை. நெசவாளி நூல் அறுந்தால் முடிவதும் பார்த்துக்கொள்வதும்தான். விசைப்படகிலும் துடுப்புப் பிடித்த கை போய், அந்த இடத்துக்கு எஞ்சின் வந்துவிட்டது. பவர் ஸ்டியரிங்கில் கை எங்கேயும் போகவில்லை. திருப்புவது இன்றைக்கும் ஓட்டுநரின் கைதான். பம்ப் அழுத்தித் தள்ளும் எண்ணெய் அந்தக் கைக்குப் பின்னால் வந்து தோள் கொடுக்கிறது.

இதைச் சொல்லாராய்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு பழைய பத்துச் சக்கர வண்டி இருந்தது. கம்பம் பக்கமிருந்து தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டி கணவாயில் இறங்கும்போது ஓட்டுநர் தம்பியிடமிருந்து போன். “அண்ணே, ஸ்டேரிங் போச்சுண்ணே.” எனக்கு உயிரே இல்லை. போய்ப் பார்த்தால், முன்சக்கரம் ஒன்று மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்து நிற்கிறது. ஆளுக்கு ஒன்றுமில்லை. நடந்தது இதுதான்: வளைவில் ஸ்டியரிங் திடீரென்று கல்லாகிவிட்டது. அவன் ‘போச்சு’ என்று நினைத்துத் திருப்புவதை விட்டுவிட்டுப் பிரேக்கை முழுசாக அமுக்கியிருக்கிறான். பின்னால் வந்த வேன்காரர் சுதாரித்ததால் தப்பினார்கள். நான் ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கொஞ்சம் நகரவிட்டு, இரண்டு கையாலும் இழுத்தேன். தோள் வலித்தது. ஆனால் திரும்பியது. ஸ்டியரிங் போகவில்லை, அதற்கு இருந்த துணை போயிருந்தது. அந்த வித்தியாசத்தைச் சொல்லும் சொல் அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ‘பவர் போச்சு’ என்றால் நம் ஊரில் கரண்ட் போச்சு என்று அர்த்தம். கரண்ட் போனால் மொத்தமும் நின்றுவிடும். அவன் மனதிலும் அதுதான் ஓடியிருக்கிறது.

ஸ்டியரிங் பாக்ஸுக்குள்ளே, அதாவது கையின் சுற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெட்டிக்குள்ளே, என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லுக்கான நியாயம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் தண்டுக்கும் பாக்ஸில் உள்ள புழுத்திருகுக்கும் (சுருள் மரை வெட்டிய தண்டு) நடுவே மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று உண்டு. நான் அதை முறுக்குத்தண்டு என்கிறேன். ஓட்டுநர் திருப்பியதும், சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும். உடனே முறுக்குத்தண்டு சில பாகை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கில் வால்வு திறந்து, பம்ப் தள்ளும் எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கம் பாய்ந்து, சக்கரத்தைத் தள்ளிக் கொடுக்கும். சக்கரம் கையை எட்டிப் பிடித்ததும் முறுக்கு அவிழ்ந்து வால்வு மூடிவிடும். கை முன்னால் போகும், எண்ணெய் பின்னால் வரும். பம்ப் நின்றாலும் ஹோஸ் வெடித்தாலும், முறுக்கு ஓர் எல்லைக்கு மேல் போகாமல் முட்டிக்கொள்ளும், அதன்பிறகு கை நேரடியாகப் புழுத்திருகையே திருப்பும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 79-ஆம் விதி, கனரக லாரிக்கு எல்லாம் சரியாக இருக்கும்போது 200 நியூட்டன், துணை பழுதானால் 450 நியூட்டன் என்று கைவிசைக்கு உச்ச அளவு வைக்கிறது. 450 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 46 கிலோ பாரத்தைத் தூக்குகிற பலம். துணை போன பின்னும் கையால் திருப்ப முடிய வேண்டும் என்பதே அந்த விதியின் அடிப்படை.

மாசி வீதி முனையில் தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். வடம் பிடிக்கிறவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் அவர்கள் தருவது பலம். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிறவர் கையில் இருக்கிறது. எண்ணெய் வடம் பிடிக்கிறது. ஓட்டுநர் கட்டை கொடுக்கிறார்.

ஆங்கிலத்திலும் முழுப்பெயர் ‘பவர் அசிஸ்டட் ஸ்டியரிங்’தான். பேச்சில் துணை என்று பொருள்படும் நடுச்சொல் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததை வாங்கி நாம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். இதைக் கண்டுபிடித்த பிரான்சிஸ் டேவிஸ் லாரிப் பொறியாளர். பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் இருந்து, பார வண்டிகளைத் திருப்பப் படும் பாட்டைப் பார்த்து, வேலையை விட்டு வந்து 1920-களில் செய்து காட்டினார். கடையில் விற்கும் காருக்கு அது வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். கை வலிக்குப் பிறந்த பொருள் இது.

சரி, கணவாயில் நின்ற வண்டிக் கதை இன்னும் முடியவில்லை. ஹோஸ் வெடித்து எண்ணெய் முழுதும் கொட்டியிருந்தது. ஹோஸை மாற்றி, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பித் திருப்பிக் காற்றெடுத்தோம். ஓடியது, ஆனால் ஸ்டியரிங் கட்டியாகவே, திருப்பக் கடினமாகவே இருந்தது. ஒரு பட்டறையில் பம்ப் போச்சு என்று சொல்லிப் புதுப் பம்ப் மாட்டினார்கள். பணம் போனதுதான், கட்டி போகவில்லை. அடுத்து பாக்ஸை மாற்றச் சொன்னார்கள். அதற்குள் திருமங்கலம் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேட்ட கேள்வி: “தம்பி, கை கட்டியா, பவர் கட்டியா?”

பிரஷர் லைனில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, அதன் வால்வை ஐந்து விநாடிக்கும் குறைவாக மூடிப் பார்த்தார். அதற்கு மேல் மூடினால் பம்ப் சூடேறிக் கெட்டுவிடும். பாக்ஸ் தகட்டில் அடித்திருந்த அளவுக்கு முள் ஏறியது. பம்ப் சரி. அப்புறம் முன் அச்சைத் தூக்கி, பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்மிலிருந்து, சக்கரத்துப் பக்கம் போகும் டிராக் லிங்க் கம்பியைக் கழற்றினார். எஞ்சினை அணைத்தே ஸ்டியரிங்கைச் சுற்றினால் இடறாமல் சுற்றியது. பாக்ஸும் சரி, மேலே உள்ள யுனிவர்சல் ஜாயிண்டும் சரி. பிறகு டயரைப் பிடித்து இரண்டு பேர் தள்ளினோம். அசையவில்லை. முன்சக்கரம் எந்த ஆணியைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்தக் கிங் பின்னின் அடியில் பாரம் தாங்கும் பேரிங் துருப்பிடித்துப் போயிருந்தது. கிரீஸ் நிப்பிள் அடைத்து, வெளியே பூசினதுதான் மிச்சம், உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அது ஒருநாளில் வந்த நோய் இல்லை. பல மாதமாகக் கை படவேண்டிய கஷ்டத்தை எண்ணெய் தாங்கி மறைத்திருக்கிறது. சின்ன வளைவுக்கும் பிரஷர் உச்சத்துக்கு ஏறி, எண்ணெய் காய்ந்து, கடைசியில் ஹோஸ் வெடித்தது. வெடித்த ஹோஸையும் நல்ல பம்பையும் மாற்றிய நாங்கள் கிங் பின்னைத் தொடவே இல்லை.

பெரியவர் கேட்ட கேள்வியைத்தான் நான் சொல்லுக்குள் வைக்கப் பார்க்கிறேன். தண்டு, ஜாயிண்ட், பாக்ஸின் பற்கள், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு, கிங் பின்: இது கையின் வழி. தொட்டி, வடிகட்டி, பம்ப், ஹோஸ், வால்வு, பிஸ்டன்: இது துணையின் வழி. பழுது எந்த வழியில் என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ‘ஆற்றல் திருப்பி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அந்தப் பிரிப்பு சொல்லிலேயே காணாமல் போகிறது.

இனி ஒவ்வொரு சொல்லாக. ‘ஆற்றல்’ நம் பாடநூலில் எனர்ஜி, ‘திறன்’ பவர். இலங்கைப் பாடநூலில் பவருக்கு ‘வலு’. இரண்டு கரையிலும் மாறாமல் இருப்பது ‘விசை’ ஒன்றுதான், எண்ணெய் கூட்டித் தருவதும் விசைதான். அதனால் ‘விசைத்துணை’. ‘திருப்பி’யை நான் ஏற்கவில்லை. ‘திருப்பியைத் திருப்பித் திருப்பினான்’ என்று எழுதிப் பாருங்கள், தெரியும். ‘சுக்கான்’ கப்பலைத் திருப்பும் கருவிக்குப் புழங்கிய சொல், இலங்கையில் வண்டிக்கும் வந்துவிட்டது.

> சுக்கான் அரபுச் சொல். கலைச்சொல் ஆக்கும்போது பிறமொழிச் சொல்லையே எடுப்பதா?

அரபிதான். கடலோடிகள் வழியாக வந்து, சுக்கானைப் பிடிப்பவர் சுக்கானி என்று நம் வாயில் பழகிவிட்டது. எங்கள் லோடு தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கே கடலில் புழங்கும் சொல்லை இங்கே சாலையில் புழங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஸ்டேரிங் என்றே பட்டறையில் சொல்லட்டும், அதை மாற்றச் சொல்லவில்லை. புத்தகத்திலும் பயிற்சிக் கையேட்டிலும் எழுத ஒரு சொல் வேண்டும், அது ‘விசைத்துணைச் சுக்கான்’ ஆகட்டும். நீளம்தான், ஆனால் பேச்சில் ‘விசைத்துணை’ போதும். ‘துணை போச்சு, கை இருக்கு’ என்று ஓட்டுநர் போனில் சொல்ல முடிந்தால் எனக்கு அதுவே வேண்டியது.

அதே லாரியில் இன்னொன்றையும் பாருங்கள். காரில் பிரேக்கை அமுக்கும் காலுக்குப் பூஸ்டர் உதவுகிறது, அது விசைத்துணைத் தடை. எங்கள் லாரியின் ஏர் பிரேக் அப்படி இல்லை. கால் ஒரு வால்வைத்தான் திறக்கிறது, பிரேக்கைத் தள்ளுவது முழுக்கக் காற்று. அதைத் துணை என்றால் பிழை, அது காற்றுத்தடை. மின்மோட்டார் உதவுகிற இன்றைய கார் ஸ்டியரிங், மின் விசைத்துணைச் சுக்கான். கைக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பே இல்லாமல், கம்பியில் போகும் குறிப்பைக் கேட்டு மோட்டார் மட்டுமே திருப்பும் ஸ்டியரிங்கும் இப்போது இருக்கிறது. அங்கே கை போய்விட்டது, விசைத்தறி மாதிரி. ‘விசைச்சுக்கான்’ என்ற சொல்லை அதற்கென்று எடுத்து வைப்போம். இப்போதே செலவழிக்க வேண்டாம்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பிறகு விக்சனரியில் பதிவைத் தொடங்குகிறேன். கிங் பின்னுக்குச் ‘சுழலாணி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அச்சாணி, கடையாணி வரிசையில் சேரும் என்று தோன்றியது. மாட்டுவண்டித் தச்சர்களிடம் பழகியவர்கள் யாராவது இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் அதையே போட்டுவிடலாம்.