குஞ்சோடு நின்ற விரால்

வன்னியில் இருக்கிற வவுனிக்குளத்தின் அலைகரையில், அலை வந்து அடிக்கும் ஆழமில்லாத கரையோரத்தில்தான் நான் தூண்டில் போடப் பழகினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இடம்பெயர்ந்து வந்த சனம் ஊர் முழுக்க நிறைந்திருந்த காலம். கடல்மீன் எங்கள் பக்கத்துக்கு அருமையாகத்தான் வரும். பாலியாற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளம் எத்தனை வீட்டுச் சட்டியை நிரப்பியது என்று நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்ந்துவிடும்.

பழக்கியவர் சித்தப்பா. மயிலிறகின் தண்டை வெட்டி மிதப்பு, தங்கூசி எனும் நைலோன் நூல், மண்புழு. திலாப்பியாவுக்கு இது போதும். விரால் அப்படியில்லை. அதற்கு உயிர்த் தவளை வேண்டும். தாமரை இலைகளுக்கும் புல்லுக்கும் இடையில் தவளையைத் தத்தவிட்டு, நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது நம் நிழல் தண்ணீரில் விழக்கூடாது.

அது ஒரு மார்கழி. குளம் நிரம்பி, மிகுதித் தண்ணீர் வெளியேறும் வான் பாயத் தொடங்கி இரண்டு நாள். வீட்டில் அம்மம்மா மலேரியாக் காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழும்பியிருந்தா. விரால் வைத்துக் கொடுத்தால் உடம்பு தேறும் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, பாடசாலைக்குப் போகாமல் குளத்துக்குப் போனேன். அலைகரைப் புல்லுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மழை விட்டிருந்தது. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் பொடிப்பொடியாகத் துள்ளியது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள், அரை விரல் நீளம்கூட இல்லை, நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக மேலே வந்து வந்து போயின. விரால் வெளிக்காற்றையும் எடுத்து மூச்சு விடும் மீன். குஞ்சும் கொஞ்சம் வளர்ந்ததும் அதற்காக மேலே வரும். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் கண்டது, அந்தத் திரளுக்குக் கீழே கறுப்பாக அசையாமல் நின்ற பெரிய விராலை.

தவளை தண்ணீரில் பட்டதுதான் தாமதம், அடித்தது. இரண்டு கிலோ வரும். இவ்வளவு பசியா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

சித்தப்பா மீனைப் பார்த்தார். "எங்கையடா பிடிச்சனி?" என்றார். சொன்னேன். "குஞ்சோட நிண்டதோ?" "ஓம்." அவர் ஏசவில்லை. மீனைச் சாம்பல் போட்டு உரசி வெட்டி, அம்மம்மாவுக்குச் சொதியும் வைத்தாயிற்று. மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பி அதே இடத்துக்குக் கூட்டிப் போனார். திரள் அங்கே இல்லை. ஐந்தாறு குஞ்சுகள் தனித்தனியே புல் ஓரத்தில் அலைந்தன. நீர்க்காகங்கள் மூழ்கி மூழ்கி எழும்பிக்கொண்டிருந்தன. "அது பசிக்கு அடிக்கேல்லை. குஞ்சுக்குக் கிட்ட வந்ததைக் கலைக்கத்தான் அடிச்சது" என்றார் சித்தப்பா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றோம்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. திலாப்பியாவை 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அது குளத்திலேயே பெருகும், தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். கட்லா, ரோகு பெருக ஓடும் ஆற்று நீர் வேண்டும். குளத்தில் அவை முட்டையிட்டுப் பெருகாது என்பதால் குஞ்சு கொண்டுவந்து விடுகிறார்கள். விரால் குஞ்சை எங்கள் குளத்தில் யாரும் கொண்டுவந்து விட்டு நான் காணவில்லை. காவல் நிற்கிற தாய் தகப்பனை நாம் எடுத்துவிட்டால் அதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? உங்களுக்கு இப்படி ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். அப்பா மலைநாட்டவர். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சின்ன வயதில் அவர் மீன் பிடித்தது காசல்ரீ நீர்த்தேக்கத்தில். அங்கே பள்ளத்தாக்கை மறித்துத் தண்ணீர் கட்டியிருப்பதால் கரையிலிருந்து நாலு அடி வைத்தால் ஆழம், குளிரில் விரல் விறைக்கும் என்பார். இங்கே இரணைமடுக் குளத்தைப் பார்த்தபோது, தண்ணீருக்குள் இவ்வளவு தூரம் நடந்து போகலாமா என்று அதிசயப்பட்டாராம். விராலைப் பிடிக்க இங்கேதான் பழகினார்.

நான் சொல்ல வந்தது வேறு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. தண்ணீர் வடியத் தொடங்கியதும் கதவுக்குக் கீழே கனகராயன் ஆற்றில் சனம் திரண்டது. வெள்ளத்தோடு அள்ளுப்பட்டு வந்த கட்லா கற்களில் அடிபட்டுக் கிடந்தது, சில மேல்நோக்கிப் பாய்ந்தன. நானும் அத்தாங்கு எனும் கைவலையோடு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர்தான். ஒரு மீனைக் கோலித் தூக்கியதும் அதன் பாரம் என்னை ஒரு பக்கம் சாய்க்க, கால் வழுக்கி இருபது யார் தூரம் இழுபட்டுப் போனேன். ஒரு மருதமரத்து வேர் கையில் அகப்பட்டதால் இன்று இதை எழுதுகிறேன். அத்தாங்கும் மீனும் போய்விட்டன. வான் பாயும்போது கதவுக்குக் கீழே இறங்காதீர்கள், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மேலே மழை பெய்தால் தண்ணீர் எப்போது கூடும் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது.

*

அண்ணா, நீங்கள் எழுதியதை என் மனுசனுக்கு வாசித்துக் காட்டினேன். முத்தையன்கட்டுக் குளத்தில் பதினைந்து வருசமாக வலை போடுகிறவர். முதலை வலையைக் கிழித்த கதைகள் அவரிடம் நிறைய இருக்கின்றன, அதையெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எனக்கு மனவருத்தம் தங்கூசி வலையில்தான். தடைசெய்த வலை என்று தெரிந்தும் இரவில் கொண்டுவந்து போடுகிறார்கள். சின்னக் கண். திலாப்பியா உள்ளங்கை அளவு வருமுன்னே அள்ளுப்படும். அந்தச் சின்ன மீனுக்கு விலையும் இல்லை, கருவாடு போட்டால் முள்ளும் தோலும்தான் மிஞ்சும். ஆடி ஆவணியில் குளம் வற்றும்போது போய்ப் பாருங்கள். ஆண் திலாப்பியா வாயால் தோண்டிய வட்டக் குழிகள் காய்ந்த சேற்றில் சட்டி சட்டியாகத் தெரியும். முந்தி எங்கள் பக்கக் கரையில் கால் வைக்க இடமில்லாத அளவுக்கு இருக்கும். போன வருசம் நான் எண்ணினால் எண்ணி முடிக்கும் அளவில்தான் இருந்தன.

ஒரு கேள்வி. விரால் எவ்வளவு காலம் குஞ்சோடு நிற்கும்? எங்கள் மூத்தவன் இப்போதுதான் தூண்டில் போடப் பழகுகிறான், அவனுக்குச் சொல்ல வேண்டும்.

*

தங்கச்சி, நாள் கணக்கு வைக்க வேண்டாம், நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குஞ்சு செம்மஞ்சளாகத் திரண்டு திரியும் வரை பெரியது கீழே நிற்கும். செம்மை மங்கி, உடம்பில் கருமை ஏறி, குஞ்சுகள் பிரிந்து திரியத் தொடங்கினால் காவல் முடிந்தது. மாரி மழை தொடங்கினால் அலைகரைப் புல்லுக்குள் தூண்டில் போடுமுன் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்க்கட்டும். மழையில்லாத நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் தூறினால், அங்கே தவளையைப் போடாமல் ஐம்பது யார் தூரம் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.